சேலத்தில் அம்மாவுக்கு ஆள் வைக்கிறீர்களா? ஆடி மாதம் வருவதற்குள் படித்துவிடுங்கள்

இங்கிலாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு இ-விசா, என்ஐ நம்பர் (வேலைக்கும் வரிக்கும் வேண்டிய எண்), ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவு, வாடகை வீட்டு டெபாசிட் பற்றியெல்லாம் எழுதப் பத்துப் பேர் இருக்கிறார்கள், அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் எழுதுவது அதற்கு அப்புறம் வருவதைப் பற்றி. இங்கிலாந்து வந்து நாலு மாதம் ஆகியிருக்கும், குளிர் கொஞ்சம் பழகியிருக்கும், அப்போதுதான் ஊரிலிருந்து போன் வரும்: அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார், இடுப்பில் ஆபரேஷன், அப்பாவால் தனியாகப் பார்க்க முடியாது, வீட்டுக்கு ஒரு நர்ஸ் போடலாமா?

போடலாம். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி, சூரமங்கலம் எங்கே கேட்டாலும் ஹோம் நர்சிங் ஏஜென்சி நம்பர் கிடைக்கும். நீங்கள் வெளிநாட்டில் இருப்பது தெரிந்த நிமிஷமே ரேட் ஏறும், அது உங்களுக்கே தெரிந்த கதை. பேரம் பேச வெட்கப்படாதீர்கள்.

நான் பர்மிங்காமில் கேர் ஹோமில் வேலை பார்க்கிறேன், அதனால் முதலில் இங்குள்ள நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி, உடை மாற்றிவிடும் எந்த நிறுவனமும் கேர் குவாலிட்டி கமிஷனில் பதிவு செய்தே ஆக வேண்டும். சிக்யூசி என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அவர்கள் சோதனை செய்து நாலு தரத்தில் ஒன்றைக் கொடுப்பார்கள்: மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது. அந்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். வேலைக்கு வருபவருக்கு டிபிஎஸ் என்று குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. ஸ்காட்லாந்து, வேல்ஸில் வேறு அமைப்புகள், முறை ஏறக்குறைய இதேதான். நம் ஊர் ஏஜென்சிக்கு இப்படி உட்கார்ந்த இடத்தில் தேடிப் படிக்க ஒரு பக்கம் கிடையாது. போர்டு மாட்டி, இரண்டு போன் வைத்தால் ஏஜென்சி. ஆகவே சிக்யூசி வேலையை நீங்களேதான் பார்க்க வேண்டும்.

காகித வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நர்ஸ் என்று அனுப்பினால் தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ 3 வருஷப் படிப்பு, ஏஎன்எம் என்ற துணை நர்ஸ் படிப்பு 2 வருஷம். இரண்டும் இல்லை, பி.எஸ்சி. நர்சிங்கும் இல்லை என்றால் அவர் அட்டெண்டர். அதில் தப்பே இல்லை, நல்ல அட்டெண்டர் பத்து நர்ஸுக்குச் சமம், ஆனால் ஊசி, டியூப் அவர் கையில் கொடுக்க வேண்டாம், நர்ஸ் சம்பளமும் ஏஜென்சிக்குக் கொடுக்க வேண்டாம். ஆதார் நகல் வாங்குங்கள். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் வீட்டு வேலையாள் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஒரு கட்டணம் உண்டு. ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள், வாட்ஸப்பில் 'ஓகே மேடம்' என்று வந்த பதில் ஒப்பந்தம் ஆகாது.

இதையெல்லாம் என் சிநேகிதி ஒன்று விடாமல் செய்தாள், லெஸ்டரில் உட்கார்ந்துகொண்டு. அம்மாப்பேட்டையில் அவள் அம்மாவுக்கு வந்த பெண் ஜிஎன்எம் முடித்தவர், ஓமலூர்ப் பக்கம், பொறுமைசாலி, அம்மா அவரைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். அப்புறம் ஆடி வந்தது. சேலத்து ஆடி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பேட்டைக்குப் பேட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டு, கோட்டையில் பொங்கல், குகையில் வண்டி வேடிக்கை. இதை எழுதும்போதே மாவிளக்கு வாசனை வருகிறது, இங்கே ஜன்னலுக்கு வெளியே மழை. அந்தப் பெண்ணும் ஊருக்குப் போனார், போக வேண்டியதுதானே. ஏஜென்சி 'மாத்தாள் அனுப்பறோம், கவலைப்படாதீங்க' என்றது.

மாத்தாள் வந்தார். அவருடைய ஆதாரை யாரும் கேட்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை. முதல் ஆளுக்குப் பார்த்த அத்தனை சோதனையும் அவரோடு பஸ் ஏறிப் போய்விட்டது.

நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அம்மாவுக்குக் காலையில் 12 யூனிட் இன்சுலின், பேனா மாதிரி இருக்கும் ஊசிக் கருவியில். முன்பு பாட்டிலும் சிரிஞ்சும் பயன்படுத்தியவர் என்பதால் பழைய சிரிஞ்சுகள் சில பிரிட்ஜ் மேல் டப்பாவில் கிடந்தன. பேனாவுக்கு மாட்டும் ஊசி தீர்ந்திருந்தது, புது ஆளுக்குப் பேனா பழக்கமும் இல்லை. அந்தச் சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து, பேனாவின் கார்ட்ரிட்ஜில், அதாவது உள்ளே இருக்கும் மருந்துக் குப்பியில், குத்தி, 12 கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டார். நம் ஊர்ப் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்சின் கோடுகள் அந்தக் கணக்குக்குப் போட்டவை. பேனா கார்ட்ரிட்ஜில் இருப்பது பொதுவாக ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்த 12 கோடு 0.3 மில்லி, அதாவது உடம்புக்குள் போனது 30 யூனிட். இரண்டரை மடங்கு. இங்கே பெரும்பாலும் 100 கணக்குதான் என்பதால் இங்கேயே படித்த நர்ஸுக்குச் சொன்னால்கூட ஒரு நிமிஷம் விழிப்பார்.

சேலத்தில் காலை ஏழரை என்றால் இங்கே கோடையில் விடிகாலை மூன்று. சிநேகிதி தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, அப்பாவையே யார் என்று கேட்டிருக்கிறார். மாத்தாள் 'தூக்கம் வருதாட்ட இருக்கு' என்று போர்வையை இழுத்துவிட்டிருக்கிறார். பக்கத்துத் தறி வீட்டு அக்கா பூ கொடுக்க வந்தவர், அவருக்கும் சர்க்கரை உண்டு, பார்த்ததுமே சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்டு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து 108-க்குப் போன் செய்தார். நினைவு இருந்ததால் வாயில் கொடுக்க முடிந்தது, மயங்கியிருந்தால் எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். நாலு நாள் ஆஸ்பத்திரி. அம்மா பிழைத்தார்.

எனக்கு அந்த மாத்தாள் மேல் கோபம் இல்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஜவுளிக்கடையில் நின்றவரை ஒரு வாரம் 'டிரெயினிங்' என்று உட்கார வைத்து அனுப்புகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். நாங்கள் இங்கே ஒரு மாத்திரை கொடுத்தால்கூடக் கையெழுத்துப் போட வேண்டும். தூக்கம் வருவதுபோல் இருந்தது என்று சொல்லிவிட்டு நகர முடியாது.

ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி கண்டிப்பாக வேண்டும்: ஆள் மாறினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், புதியவரின் ஆதாரும் பதிவு எண்ணும் வந்த பிறகே வீட்டுக்குள் வரலாம், பழையவரும் புதியவரும் ஒரு நாளாவது சேர்ந்து இருக்க வேண்டும். ஏஜென்சி முனகும். அந்த ஒரு நாள் சம்பளத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள், ஆஸ்பத்திரி பில்லைவிடக் குறைவு. ஆடி, தீபாவளி, பொங்கலுக்கு யார் வருவார் என்று ஒரு மாதம் முன்னாலேயே கேளுங்கள். ஏற்காட்டுப் பக்கத்து ஆள் என்றால் காப்பிப்பழம் எடுக்கும் கார்த்திகை, மார்கழியையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்சுலின் வீட்டில் ஒரே வகைதான் இருக்க வேண்டும். பேனா என்றால் பழைய சிரிஞ்சு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. புதிதாக வருபவரிடம் வீடியோவில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஊசி போடுற நேரத்துல சுகர் 65 காட்டுதுன்னா என்ன பண்ணுவீங்க?" 65 என்றால் ஏற்கெனவே குறைவு, ஊசி போட்டுடுவேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நமக்கும் ஒரு குழப்பம் வரும், இங்குள்ள மீட்டர் வேறு அளவில் காட்டும், இங்கே 4 என்பது ஊரில் 72.

வீடியோ காலில் தலை சீவிப் பவுடர் போட்ட முகம் மட்டும்தான் தெரியும். படுக்கைப் புண் முதுகின் அடியிலும் குதிகாலிலும் வரும். அதை வாரம் ஒருமுறை சித்தியோ அத்தையோ நேரில் பார்க்கட்டும், சொல்லாமல் கொள்ளாமல் போகட்டும். இங்கிருந்து 108-ஐ நேரடியாகக் கூப்பிட முடியாது, ஆகவே சாவியும் உங்கள் நம்பரும் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். முதியோர் உதவி எண் 14567-ஐ அப்பாவின் போனில் பதிந்து வையுங்கள்.

ஏஜென்சி ஏமாற்றினால் 1915 என்ற போன் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஆக அப்பா பெயரில் சேலத்திலேயே போடலாம். அதனால்தான் ஒப்பந்தமும் ரசீதும் அப்பா பெயரில் இருக்கட்டும் என்கிறேன். சிநேகிதி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாள். அட்வான்ஸ் திரும்பி வந்தது, 'சர்வீஸ் சார்ஜ்' இன்னும் வரவில்லை.