டைஸ் உருட்டும் முன்: ரோல்பிளேயிங் ஆட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்து நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டம் ஆடுகிறார்கள், கதை ஏற்காட்டில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் ஆட்டம் இது; செய்யும் காரியம் பலிக்குமா என்பதை டைஸ், அதாவது பகடை, சொல்லும். ஜீப் மலையேறுகிறது. வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் ஆசையாக, "ஒவ்வொரு வளைவுக்கும் இருபது பக்க டைஸை உருட்டு, 1 விழுந்தா விபத்து" என்கிறார்.

1 விழ 5 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 20 முறை உருட்டும்போது ஒரு தடவைகூட 1 விழாமல் மேலே போய்ச் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய 36 சதவீதம்தான். தினமும் பஸ் போய்வரும் பாதை அது! ஓட்டத் தெரிந்தவர் சாதாரணமாகச் செய்யும் காரியத்துக்கு டைஸே வேண்டாம். "ஏற்காடு வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுக் கதையை நகர்த்துங்கள். பின்னால் ஒரு வண்டி துரத்துகிறது, பனிமூட்டத்தில் எதிரே என்ன வருகிறதென்று தெரியவில்லை என்றால், அந்தத் துரத்தல் முழுவதற்கும் ஒரே உருட்டல் போதும்.

இதைவிட அதிகம் நடக்கும் தவறு, தோற்றால் என்ன ஆகும் என்று யோசிக்காமலே உருட்டச் சொல்வது. காப்பி எஸ்டேட் பங்களாவின் கதவு பூட்டியிருக்கிறது. டைஸில் 6 விழுகிறது, அது போதாது.

"திறக்கலை."

"அண்ணா, மறுபடியும் ட்ரை பண்றேன்."

திரும்ப உருட்டல், திரும்பவும் தோல்வி. கதையில் ஒன்றும் மாறவில்லை, மேஜையைச் சுற்றி எல்லோரும் போனை எடுத்துவிடுகிறார்கள். அவசரமே இல்லாத பூட்டு திறந்துவிட்டது என்றே சொல்லிவிடலாம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வாட்ச்மேனின் டார்ச் வெளிச்சம் நெருங்கி வருகிறதா? அப்போது உருட்டட்டும். ஆனால் உருட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்: "ஜெயிச்சா சத்தமில்லாம உள்ளே போயிடலாம். தோத்தா கதவு திறக்கும், ஆனா வெளிச்சம் உன் முகத்துல விழும்." இப்போது எந்த எண் விழுந்தாலும் கதை நகரும். ஆட்டக்காரருக்கும், "வேண்டாம், ஜன்னல் பக்கம் பார்க்கிறேன்" என்று மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைக்கும். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த நொடியே அதுதான்.

முக்கியமான துப்பை டைஸுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். பங்களாவிலுள்ள கணக்கு நோட்டு கிடைக்காமல் கதை நகராது என்றால், அது கிடைத்தே தீர வேண்டும். தேட எவ்வளவு நேரம் ஆனது என்பதற்கு வேண்டுமானால் உருட்டலாம்.

அப்புறம் கூட்டமாகச் செய்யும் காரியங்கள். காட்டெருமை மந்தையைத் தாண்டி நாலு பேர் பதுங்கிப் போகிறார்கள். ஆளுக்கு 70 சதவீதம் வாய்ப்பு இருந்தாலும், நாலு பேரும் ஜெயித்தாக வேண்டும் என்றால் அது 24 சதவீதமாகச் சுருங்கிவிடும். இந்த வகை ஆட்டங்களில் பிரபலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகள் இதற்கு நல்ல வழி சொல்கின்றன: பாதிப் பேர் ஜெயித்தால் குழுவே ஜெயித்த மாதிரி. அதே விதிகளில், 20 விழுந்தால் தானாகவே வெற்றி என்பது தாக்குதலுக்கு மட்டும்தான். அதனால், மலை விளிம்பில் இருக்கும் பகோடா பாயின்ட்டிலிருந்து குதித்துப் பறக்கிறேன் என்பவரிடம் டைஸைக் கொடுக்கவே கூடாது.

டைஸை மாற்றினால் கணக்கும் மாறும். இருபது பக்க டைஸில் +1, அதாவது விழுந்த எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ளும் போனஸ், வாய்ப்பை வெறும் 5 சதவீதம்தான் ஏற்றும். இரண்டு ஆறு பக்க டைஸை உருட்டி 7 அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டிய ஆட்டத்தில், அதே +1 வாய்ப்பை 58 சதவீதத்திலிருந்து 72-க்கு ஏற்றிவிடும். ஒரு விதிப் புத்தகத்தின் போனஸை இன்னொன்றில் அப்படியே ஒட்டக் கூடாது.

கேம் மாஸ்டர் மறைத்து உருட்டி எண்ணை மாற்றிச் சொல்வதும் வேண்டாம். ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் யாரும் டைஸை நம்ப மாட்டார்கள். மேஜையை விட்டுக் கீழே விழுந்த டைஸ் செல்லுமா, செல்லாதா என்பதையும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் 19 விழுந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும்.