காபிப்பொடிக் கடையின் இணையதளமும் நான் சொன்ன கருத்தும்

மயிலாப்பூரில் காபிப்பொடி அரைத்து விற்கும் நண்பர் ஒருவர், கடையின் புதிய இணையதளத்தைப் பற்றி, "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டபோது, அழகைப் பற்றிப் பேசாமல், அவருடைய கைப்பேசியையே வாங்கி, வெளியே வெயிலில் நின்றபடி அரைக் கிலோ பீபெரி ரகக் காபிப்பொடி வாங்க முயன்றேன். வெளிர்பழுப்புப் பின்னணியில் தங்க நிறத்தில் இருந்த விலை கண்ணுக்கே தெரியவில்லை. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 என்ற கான்ட்ராஸ்ட் விகிதம் (எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு) வேண்டுமென்று, இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்த முடிவதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை கூறுவதை எடுத்துச் சொன்னதும், இது என் ரசனை சார்ந்த குறை அல்ல என்பதை உடனே ஏற்றுக்கொண்டார். (தங்க நிறம் அவர் மகளின் தேர்வு, ஆகவே கடைப் பெயரில் அதை அப்படியே விட்டுவைக்கச் சொன்னேன்.) தொலைபேசி எண் படத்துக்குள் பதிந்திருந்ததால், தொட்டால் அழைப்பு போகவில்லை; அதை எழுத்தாக மாற்றி இணைப்புக் கொடுத்தால் சரியாகிவிடும்.

முகப்பில் தானாக நகரும் படங்களை எடுக்கத்தான் அவருக்கு மனம் வரவில்லை. சிக்கரி விகிதமும் விலையும் அவற்றுக்குக் கீழே புதைந்து கிடப்பதைக் காட்டி, படங்களை நீக்க வேண்டாம், கீழே இறக்கினால் போதும் என்றேன். எந்தப் பக்கத்தில் என்ன தடை, என்ன மாற்றம் வேண்டும் என்பதை ஸ்கிரீன்ஷாட்டுடன் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். வடிவமைப்பாளருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. விலை இப்போது கரும்பழுப்பில் தெளிவாகத் தெரிகிறது. நகரும் படங்கள் மட்டும் இன்னும் மேலேயே இருக்கின்றன.