கரையோரச் சமூகங்களை வகைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புத் துறைமுக நகரத்துக்காக 269 ஹெக்டேயர் கடலை நிரப்பினார்கள். வேலை 2014இல் தொடங்கியது. மணல் அள்ளியது நீர்கொழும்புப் பக்கத்துக் கடலில். எதிர்த்து வீதிக்கு வந்தவர்களும் நீர்கொழும்பு மீனவர்கள்தான். அதை ஒட்டிய காலிமுகத்திடலைச் சுற்றிக் குடியிருப்பவர்களை மட்டும் கணக்கெடுத்து ‘பாதிக்கப்படும் சமூகம்’ என்று வரைபடம் போட்டால், முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற இவர்கள் அதில் வரவே மாட்டார்கள்.

கடலில் எங்கே எதைச் செய்யலாம் என்ற திட்டமிடலுக்காக மக்களைச் சமூக, பொருளாதார நிலைப்படி பிரிப்பதில் இதைத்தான் மிகப் பெரிய தவறு என்பேன்: வீட்டு முகவரியை வைத்தே ஒருவரைக் கடலோடு சேர்த்துவிடுவது. மீனவர் குடியிருப்பது ஓரிடம், படகு கரையேறுவது இன்னோரிடம், வலை போடுவது வேறோரிடம். வட கொழும்பின் முகத்துவாரத்திலிருந்து போகும் பலநாள் படகு வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கும். சிறு படகுக்காரர் கரையை அண்டிய கடலையே நம்பியிருப்பார். இருவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கலாம். கரைக்குக் கிட்ட ஒரு கட்டுமானம் வந்தால் அடி விழுவது இரண்டாமவருக்கு. ஆகவே மூன்று இடங்களையும் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும்.

அரச நிர்வாகத்தின் மிகச் சிறிய அலகான கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாகத் தரவு கிடைக்கிறதே என்று அந்தப் பிரிவையே ‘சமூகம்’ என்று எடுத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. கொழும்பின் வெள்ளவத்தையைப் பாருங்கள். மரைன் டிரைவில் வரிசையாக அடுக்குமாடிகள். ரயில் தண்டவாளத்தைக் கடந்தால் கடற்கரை. அங்கே மீன்பிடித் தொழில் செய்பவரின் வருமானம் வேறு, வாழ்க்கை வேறு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வசதியான நடுத்தரப் பகுதி என்று வரும். மீனவர் அந்த எண்ணுக்குள் காணாமல் போவார். சராசரியோடு நிற்காமல், பிரிவுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வையும் போடுங்கள்.

அடுத்தது படிவம். ‘குடும்பத் தலைவரின் தொழில்’ என்று ஒரே ஒரு வரி இருக்கும். முகத்துவாரத்தில் ஒரு குடும்பத்தை எண்ணிப்பாருங்கள்: அப்பா பலநாள் படகில், அம்மா மீன் வெட்டிக் கருவாடு போட்டு விற்கிறார், மூத்தவன் துறைமுகத்தில் கூலி வேலை, மகள் புறக்கோட்டைக் கடையில். அந்த வரியில் ‘மீனவர்’ என்று எழுதினால் துறைமுகக் கூலி மறைகிறது. அம்மாவின் உழைப்போ எப்படியும் மறைகிறது. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் கொழும்புக் கடலில் தீப்பற்றி, மேற்குக் கரையில் மீன்பிடியைத் தடை செய்தபோது நின்றது படகு மட்டுமல்ல. ஐஸ் உடைப்பவர், மீன் சுமப்பவர், கருவாடு போடும் பெண்கள் எல்லோருக்கும் வேலை இல்லை. படகுப் பதிவை மட்டும் வைத்து ஆளை எண்ணினால், நட்டஈடு பற்றிப் பேசும் நேரத்தில் இவர்களுக்குக் காட்ட ஒரு காகிதமும் இராது. எனக்கு இதில்தான் மனம் ஆறுவதில்லை. வீட்டில் உழைக்கும் ஒவ்வொருவரையும் கேட்டு எழுதுங்கள். தமிழ் பேசும் வீட்டுக்குச் சிங்களப் படிவத்தோடு போகாதீர்கள்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பு. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களில் பலர் கிழக்குக் கரைக்குப் போய் வாடி (தற்காலிகக் குடிசை) போட்டுத் தொழில் செய்வார்கள். ஜூலையில் போய்க் கணக்கெடுத்தால் ஆள் இருக்கமாட்டார், இருப்பவரும் ‘இப்போ கூலி வேலை’ என்பார். ஒரு முறை மீன்பிடிப் பருவத்தில், ஒரு முறை அது இல்லாத காலத்தில் என்று இரண்டு தடவை போவதுதான் சரி.

வறுமையையும் பிழைப்புக்குக் கடலை நம்பியிருப்பதையும் ஒரே மதிப்பெண்ணில் அடக்காதீர்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகு வைத்திருந்தவர் அதுவரை ஏழை என்ற பட்டியலில் இல்லாதவராக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு விலையேற்றமே அவர் படகைக் கரையில் நிறுத்தப் போதும். இன்றைய வருமானம் எவ்வளவு, கடலை விட்டால் வேறு வழி உண்டா என்பவை இரண்டு கேள்விகள்.

புள்ளிவிவர வேலையில் சுருக்கமாகச் சில. கொழும்பில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் மின்சாரம் இருக்கிறது. அதை அளவுகோலாக வைத்தால் யாரும் பிரியமாட்டார்கள். பொதுக் கழிப்பறையா, சொந்தமா என்று கேட்டால் பிரிவார்கள். ஒன்றோடொன்று ஒட்டியே ஏறி இறங்கும் அளவுகள் நான்கைச் சேர்த்தால் ஒரே விஷயத்தை நான்கு தடவை எண்ணியதாகும். ரூபாவில் உள்ளதையும் விகிதத்தில் உள்ளதையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் கணினியில் போட்டால் ரூபாதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மக்களை எத்தனை குழுவாகப் பிரிப்பது என்பதையும் மென்பொருளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டு வகைகளை அப்படியே இறக்குவதும் கூடாது. இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற முதியோர் நிறைந்த கடலோர ஊர்கள் ஒரு வகை. இங்கே அதற்கு நேரான வகை இல்லை. நமக்குத் தேவை பருவத்தோடு இடம் மாறுபவர், சொந்தப் படகில்லாமல் பிறர் படகில் மீன் வருமானத்தின் பங்குக்குப் போகிறவர் போன்ற வகைகள்.

குழுக்கள் வந்ததும் பெயர் வைத்து அறிக்கையை மூடிவிடாதீர்கள். படகுகள் கரையேறி, மீன் விற்று முடிந்த நேரமாகப் பார்த்து வரைபடத்தோடு துறைக்குப் போங்கள். சம்மாட்டியிடம் (படகு, வலைக்குச் சொந்தக்காரர்) மட்டும் காட்டாமல் வலை இழுப்பவரிடமும், மீன் வெட்டும் பெண்களிடமும் தனியாகக் காட்டுங்கள். சம்மாட்டி நிற்கும்போது அவர்கள் வாய் திறப்பது குறைவு. ‘எங்கட ஆட்கள் இதில எங்க?’ என்று யாராவது கேட்டால், அந்த ஆட்கள் எந்தத் துறை, எந்தக் கடல் என்று அங்கேயே எழுதிக்கொண்டு வந்து குழுக்களைத் திரும்பப் போடுங்கள்.