வெப்பமண்டலக் கடலில் வாட்டர்மேக்கர்: தினமும் ஓட்டி நிறுத்தும் முறை, படிப்படியாக

படகில் வாட்டர்மேக்கர், அதாவது கடல்நீரை நன்னீராக்கும் மெஷின், பொருத்தியாகிவிட்டது, எங்கும் கசிவு இல்லை, ஜெனரேட்டரும் தயார். இனி அதைத் தினமும் எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது என்பதற்குத்தான் இந்தப் பதிவு. பொருத்தும் வேலை இதில் வராது. எஞ்சின் ஆயில் மாற்றத் தெரிந்த எவருக்கும் இது கஷ்டமான காரியமே இல்லை. இருந்தும் புதிதாக வாங்கியவர்கள் விலை உயர்ந்த மெம்பரேனை (உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வு) சீக்கிரமே கெடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: வெதுவெதுப்பான கடலில் தேவைக்கு மேல் அழுத்தம் கொடுப்பது, நிறுத்தியபின் ஒழுங்காகக் கழுவாமல் விடுவது. அந்த இரண்டு இடங்களிலும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

முதலில் கடலைப் பாருங்கள்

மெஷினைத் தொடுவதற்கு முன் படகின் ஓரத்தில் நின்று தண்ணீரைப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் மினுங்கினால் ஓட்டவே வேண்டாம். டீசலோ எண்ணெயோ மெம்பரேனில் பட்டால் கழுவி மீட்பது பெரும்பாலும் நடக்காது. துறைமுகத்துக்குள்ளும், ஆற்று முகத்துவாரத்திலும், பெருமழை பெய்த மறுநாள் கலங்கிய நீரிலும் ஓட்டாதீர்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ பாசி மிதக்கும் நாளில் ஓட்டினால், வாரக்கணக்கில் உழைக்க வேண்டிய ஃபில்டர் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும்.

வேகமாகப் போகும் மோட்டார் படகில் அடிப்பகுதி வழியாகக் காற்றுக் குமிழிகள் நீர் உள்ளே வரும் வாய்க்குள் புகுந்துவிடும். அதனால் நங்கூரமிட்டிருக்கும்போதோ, மெதுவாகப் போகும்போதோ ஓட்டுவது நல்லது. கழிவறை நீர் வெளியேறும் இடத்துக்கு முன்பக்கமாக அந்த வாய் இருக்க வேண்டும் என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

1. வால்வுகள்

கடல்நீர் வால்வைத் திறங்கள். நீர் உள்ளே வரும் வழியில் உள்ள ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) கூடையில் கிடக்கும் பாசியையும் சிப்பிக் குஞ்சுகளையும் எடுத்துவிடுங்கள். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் வால்வு முழுவதும் திறந்திருக்க வேண்டும், அதாவது அழுத்தமே ஏறாத நிலையில். நன்னீர் வரும் மூவழி வால்வு டேங்க் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது, சோதனைக் குழாய்ப் பக்கம் இருக்க வேண்டும்.

2. லோ பிரஷர் பம்ப்

முதலில் இது மட்டும் ஓடட்டும். ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தைக் குனிந்து உற்றுப் பாருங்கள். தண்ணீர் விளிம்புவரை நிரம்பி, தெளிவாக, அசையாமல் நிற்பதுபோல் தெரிய வேண்டும். மேலே காற்று தங்கியிருந்தாலோ, மணிமணியாகக் குமிழிகள் ஓடினாலோ கிண்ணத்தின் மூடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். குமிழி ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் ஸ்ட்ரெய்னர் மூடியின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) பாருங்கள், காற்று அங்கிருந்துதான் அதிகம் நுழையும். ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள். பெட்ரோலியம் கலந்த கிரீஸ் ரப்பரையும் கெடுக்கும், மெம்பரேனுக்கும் ஆகாது.

3. ஹை பிரஷர் பம்ப்

காற்று போன பிறகுதான் இதை ஓடவிட வேண்டும். சரளைக்கல் உருளுவதுபோல் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள், உள்ளே இன்னும் காற்று இருக்கிறது அல்லது தண்ணீர் போதவில்லை. சத்தம் சீராக இருந்தால் அழுத்தம் ஏற்றாமலே 5 நிமிடம் ஓடட்டும்.

4. அழுத்தம் ஏற்றுதல்

பலர் சறுக்கும் இடம் இதுதான். கொஞ்சம் பின்னணி சொன்னால் எளிதாகப் புரியும்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு தண்ணீரைத் தன் பக்கமே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் விசைதான் சவ்வூடு அழுத்தம். அது ஏறக்குறைய 27 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). நீங்கள் கொடுக்கும் 55 பாரில் பாதி அதைச் சமாளிக்கவே போய்விடும். மீதமுள்ள 28 பார்தான் தண்ணீரை மெம்பரேன் வழியாகத் தள்ளுகிறது.

மெம்பரேனின் அளவுகளைத் தயாரிப்பாளர்கள் 25 டிகிரி நீரில்தான் சோதிக்கிறார்கள். படகுகளில் பரவலாக இருக்கும் 2540 மெம்பரேனை எடுத்துக்கொள்ளுங்கள். 2.5 அங்குல விட்டம், 40 அங்குல நீளம் என்பதால் அந்தப் பெயர். இதன் கடல்நீர் வகைக்குப் பொதுவான சோதனை அழுத்தம் 55 பார். வெப்பமண்டலக் கடலோ 28 முதல் 31 டிகிரி வரை இருக்கும். நீர் ஒரு டிகிரி சூடாக ஆக நன்னீர் வரத்து சுமார் 3 சதவீதம் கூடும். ஆக, மணிக்கு 60 லிட்டர் என்று எழுதப்பட்ட மெஷின் 30 டிகிரி கடலில் அதே 55 பாரில் 69 லிட்டர் கொடுக்கும்.

9 லிட்டர் சும்மா கிடைக்கிறதே என்று தோன்றும். அந்த ஆசைதான் மெம்பரேனைத் தின்கிறது. அளவுக்கு மீறி நீர் உள்ளே இழுக்கப்படும்போது அழுக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்தே இழுக்கப்பட்டு மேற்பரப்பில் படிகின்றன, உப்பும் அங்கேயே திரண்டு நிற்கிறது. கெடுதல் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து வரத்து குறையும்போதுதான் தெரியவரும்.

அதனால் செய்ய வேண்டியது இது: கண் அழுத்தக் கேஜில் இருக்கட்டும், ஆனால் எங்கே நிறுத்துவது என்பதை நன்னீர் ஃப்ளோ மீட்டர் சொல்லட்டும். ரெகுலேட்டர் பிடியை ஒரேயடியாகத் திருப்பாதீர்கள். வினாடிக்கு 0.7 பாருக்கு மேல் ஏறக் கூடாது என்பது மெம்பரேன் தயாரிப்பாளர் தரும் வரம்பு. அப்படிப் பார்த்தால் 50 பாரைத் தொடவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கால் சுற்று திருப்புங்கள், முள் நிற்கும்வரை பொறுங்கள், மறுபடி கால் சுற்று. ஃப்ளோ மீட்டரின் மிதவை கொஞ்ச நேரம் அடியிலேயே கிடக்கும், பிறகு நடுங்கிக்கொண்டே மேலே கிளம்பும். அது உங்கள் மெஷினில் எழுதப்பட்ட அளவை, இங்கே 60 கோட்டை, தொட்டதும் கையை எடுத்துவிடுங்கள். 30 டிகிரி நீரில் அப்போது கேஜ் 51 பார் அருகில் நிற்கும். அது சரியான அளவு. 55 வரவில்லையே என்று மேலே ஏற்றாதீர்கள்.

முகத்துவாரம் அருகே உப்பு பாதியாகக் குறைந்த நீரில் இந்தத் தவறு இன்னும் மோசமாகும். சவ்வூடு அழுத்தமும் பாதியாகிவிடுவதால் அதே 55 பாரில் நன்னீர் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரும். மாறாக, செங்கடல் போல உப்பு மிகுந்த கடலில் அதே வரத்துக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். மிதவை சொல்வதைக் கேட்டால் இரண்டு இடத்திலும் தப்பாது.

ஆற்றலைத் திரும்பப் பயன்படுத்தும் வகை பம்ப் உள்ள மெஷின்களில் அழுத்தம் தானாகவே அமைந்துகொள்ளும், ரெகுலேட்டர் வால்வே இருக்காது. அவற்றுக்கு இந்தப் படி பொருந்தாது.

5. டி.டி.எஸ். பார்த்து டேங்குக்கு மாற்றுதல்

முதலில் வரும் தண்ணீர் கரிக்கும். சில நிமிடங்கள் வெளியே போகட்டும். பிறகு டம்ளரில் பிடித்து டி.டி.எஸ். மீட்டரை (நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டுவது) நனைத்துப் பாருங்கள். 500 பி.பி.எம்.க்குக் (பத்து லட்சத்தில் 500 பங்கு) கீழே இறங்கியதும் மூவழி வால்வை டேங்க் பக்கம் திருப்பலாம். சூடான நீரில் உப்பும் கொஞ்சம் கூடுதலாகக் கசியும். அதனால் இந்தக் கடல்களில் 250 முதல் 400 வரை காட்டினால் பதற வேண்டியதில்லை.

மூவழி வால்வைத் திருப்பும்போது நடுவில் இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும் வகையாக இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாற்றுங்கள். நன்னீர் வெளியேற வழியில்லாமல் ஒரு கணம் அடைபட்டாலும் பின்னழுத்தம் மெம்பரேன் தாள்களின் ஒட்டைப் பிரித்துவிடும். டேங்கின் காற்றுக்குழாய் அடைத்திருந்தாலும் இதே கதிதான்.

பிறகு சேர்த்தது: ஒரே தண்ணீருக்கு இரண்டு மீட்டர்கள் இரண்டு எண் காட்டுவது ஏன் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. மீட்டர் உண்மையில் அளப்பது மின்கடத்துதிறனைத்தான். அதைப் பி.பி.எம். ஆக்க சில மீட்டர்கள் 0.5 ஆலும், சில 0.7 ஆலும் பெருக்குகின்றன. ஒன்று 250 என்றால் மற்றது 350 என்று காட்டும். ஒரே மீட்டரைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளின் எண்ணைவிட, நாளுக்கு நாள் அது எப்படி நகர்கிறது என்பதுதான் உதவும்.

6. நிறுத்துதல்

ரெகுலேட்டரை மெதுவாகத் திறந்து அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். ஹை பிரஷர் பம்பை நிறுத்துங்கள். அடுத்து லோ பிரஷர் பம்ப். அழுத்தத்தோடு அப்படியே ஸ்விட்சை அணைக்காதீர்கள்.

7. நன்னீரால் கழுவுதல்

இன்று களைப்பாக இருக்கிறது, நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்று விடக்கூடாத வேலை. 30 டிகிரியில் தேங்கி நிற்கும் கடல்நீரில் உள்ள உயிர்கள் செத்து அழுகும். சில நாள் கழித்துத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ரெகுலேட்டர் திறந்த நிலையில், கார்பன் ஃபில்டர் வழியாக நன்னீரை உள்ளே விடுங்கள். எத்தனை லிட்டர் என்று யூகிக்க வேண்டாம். கடலுக்குத் திரும்பிப் போகும் குழாயில் வரும் நீரைப் பிடித்து டி.டி.எஸ். பாருங்கள். 1000-க்குக் கீழே வந்தால் போதும். சிறிய மெஷின்களுக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 லிட்டருக்குள் முடிந்துவிடும்.

கார்பன் ஃபில்டர் எதற்கு என்றால் குளோரினுக்காக. 0.1 பி.பி.எம். குளோரின்கூட இந்த மெம்பரேனுக்கு அதிகம். கரையில் பிடித்த தண்ணீரிலும், ப்ளீச் ஊற்றிச் சுத்தம் செய்த டேங்கிலும் அதைவிடப் பல மடங்கு இருக்கும். கார்பன் வேலை செய்ய நேரம் வேண்டும், ஆகவே பம்பை முழு வேகத்தில் திறந்துவிடாமல் மெதுவாகக் கழுவுங்கள். வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று வைத்திருக்காமல், கார்பனை 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இதைவிடவும் நான் சிபாரிசு செய்வது வேறொன்று: மெஷின் தந்த நல்ல தண்ணீரில் 20 லிட்டரைத் தனி கேனில் பிடித்து, கழுவுவதற்கென்றே வையுங்கள். அதில் குளோரினே இருக்காது.

குளோரின் பட்டதற்கு அடையாளம்: நன்னீர் வரத்து கூடும், டி.டி.எஸ்.சும் சேர்ந்தே ஏறும். சரிசெய்ய வழியில்லை, புதிய மெம்பரேன்தான். டி.டி.எஸ். மட்டும் திடீரென்று ஒரே நாளில் குதித்தால் முதலில் மெம்பரேன் முனையில் உள்ள ஓ-ரிங்கைப் பாருங்கள். வரத்து மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தால் அழுக்குப் படிவு.

தினமும் ஓட்டாவிட்டாலும் 5 நாளுக்கு ஒருமுறை கழுவியே ஆக வேண்டும்.

ஃபில்டர்கள்

20 மைக்ரான், அடுத்து 5 மைக்ரான். மடிப்பு வைத்த பாலியெஸ்டர் வகையை வாங்குங்கள், கழுவிக் கழுவிப் பலமுறை பயன்படுத்தலாம். நூல் சுற்றிய வகை மலிவு, ஆனால் கழுவினால் உள்ளே இருக்கும் அழுக்கு போகாது. இரண்டு செட் இருக்கட்டும்: ஒன்று மெஷினில், மற்றது மடிப்பைப் பிரித்துக் கழுவி வெயிலில் காய்ந்துகொண்டு. நாற்றத்தின் பெரும்பகுதி மெம்பரேனிலிருந்து வருவதில்லை, இந்த ஈர ஃபில்டர்களில் இருந்துதான் வருகிறது.

ஹை பிரஷர் பம்ப் ஆயிலை முதல் 50 மணி நேரத்திலும், பிறகு 500 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றுங்கள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பிறகு சேர்த்தது: ஒரு மாதத்துக்கு மேல் படகை விட்டுப் போனால்

நன்றாகக் கழுவியபின், குளோரின் இல்லாத நீரில் லிட்டருக்கு 10 கிராம் வீதம் உணவுத்தர சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைத்து, அழுத்தம் ஏற்றாமல் 10 நிமிடம் சுற்றவிட்டு நிறுத்துங்கள். கரைக்கும்போது வரும் நெடி மூச்சை அடைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டப் போகக் கூடாது, காற்றோட்டமான இடத்தில் கையுறை போட்டுச் செய்யுங்கள். சில பம்புகளின் உலோகத்தை இந்தக் கரைசல் அரிக்கும். உங்கள் பம்ப் கையேடு வேண்டாம் என்று சொன்னால் அது பரிந்துரைக்கும் புரொப்பிலீன் கிளைக்காலைப் பயன்படுத்துங்கள். வெயிலில் வேகும் படகில் கரைசல் சீக்கிரம் வலுவிழக்கும். யாராவது மாதம் ஒருமுறை பி.எச். தாள் நனைத்துப் பார்க்கட்டும், 3-க்குக் கீழே போனால் புதிதாகக் கலந்து ஏற்ற வேண்டும். திரும்பி வந்து ஓட்டும்போது அழுத்தமில்லாமல் அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு வரும் முதல் ஒரு மணி நேரத் தண்ணீரைக் கடலிலேயே விட்டுவிடுங்கள். மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அன்றைய கடல்நீர் வெப்பம், அழுத்தம், வரத்து, டி.டி.எஸ். நான்கையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை உப்புக்காற்றில் ஊறிப் பரவிவிடும்.