பழைய ரேசிங் சிமுலேஷனை மறுவெளியீடு செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பழைய ரேஸ் கேமை ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் மறுபடி ஏற்றுபவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இரண்டுதான்: இன்றைய விண்டோஸில் திறக்கிறதா, கார் ஓடுகிறதா. இரண்டும் சரியென்றால் வெளியிட்டுவிடுகிறார்கள். கோளாறுகள் அதற்குப் பிறகுதான் வரிசைகட்டுகின்றன.

ஃப்ரேம் வரம்பைக் கழற்றிவிடுவது

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் விழுகிற குழி இது. பார்த்துப் பார்த்து எரிச்சல்தான் மிச்சம். ‘144 ஹெர்ட்ஸ் ஆதரவு’ என்று விற்பனைப் பக்கத்தில் போடுவதற்காக, வினாடிக்கு 30 அல்லது 60 படம் (ஃப்ரேம்) என்ற பழைய வரம்பை எடுத்துவிடுகிறார்கள். அந்த வரம்பை நம்பித்தான் பல கேம்களில் கார் எப்படி நகர வேண்டும் என்று கணிக்கும் ஃபிசிக்ஸ் கணக்கும் ஓடுகிறது. 2013இல் வந்த நீட் ஃபார் ஸ்பீடு ரைவல்ஸ் 30 ஃப்ரேமில் பூட்டப்பட்டிருந்தது; பிசியில் வரம்பை மட்டும் 60 ஆக்கியபோது ஆட்டமே இரட்டை வேகத்தில் ஓடியது. அப்படிப் பளிச்சென்று தெரிந்தால் பிழைத்தோம்.

தெரியாத வகைதான் மோசம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆன நேரத்தை மில்லிவினாடியில் அளந்து, தசமத்தை வெட்டிவிடும் பழைய நிரல்கள் உண்டு. 60 ஃப்ரேமில் 16.67 என்பது 16 ஆகும். இழப்பு 4 சதவீதம், யாருக்கும் தெரியாது. 144 ஃப்ரேமில் 6.94 என்பது 6 ஆகும். ஆட்டம் 13 சதவீதத்துக்கு மேல் மெதுவாகிவிடும். மெதுவாக ஓடும் ஆட்டத்தில் பிரேக் புள்ளியைப் பிடிப்பது சுலபம். விலை உயர்ந்த மானிட்டர் வைத்திருப்பவர் லீடர்போர்டில் ஏறிப் போவார், காரணம் யாருக்கும் புரியாது.

ஃபிசிக்ஸை நிலையான இடைவெளியில் ஓட்டுங்கள். படத்தை மட்டும் இரு நிலைகளுக்கு நடுவே கணித்து வரையுங்கள். 1998இல் வந்த கிராண்ட் பிரிக்ஸ் லெஜண்ட்ஸில் படம் வினாடிக்கு 36 ஃப்ரேம். ஃபிசிக்ஸ் 288 முறை. இதில் புதுமை ஒன்றுமில்லை.

‘சும்மா இருக்கட்டும்’ என்று வினாடிக்கு 100 முறை (100 ஹெர்ட்ஸ்) ஓடும் ஃபிசிக்ஸை 400 ஆக்குவதும் வேண்டாம். டயர், டேம்பர் (அதிர்வுத் தடுப்பி) எண்கள் அந்தப் பழைய இடைவெளிக்கு ஏற்பத் திருத்தப்பட்டவை. அதை மாற்றினால் காரின் குணமே மாறும், கணினி ஓட்டும் கார்களின் லேப் நேரமும் நகரும்.

சோதனை எளிது. ஒரு லேப்பின் ஸ்டீரிங், பெடல் உள்ளீட்டை ஃபிசிக்ஸ் படிவாரியாகப் பதிந்துகொள்ளுங்கள். அதையே 30, 60, 144, 240 ஃப்ரேமில் ஓட்டிப் பாருங்கள். கார் நான்கிலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் விலகினாலும் வெளியிடாதீர்கள்.

64 பிட்டுக்கு மாற்றிவிட்டு ரீப்ளேயை மறப்பது

பழைய 32 பிட் நிரல் எக்ஸ்87 என்ற பழைய தசமக் கணக்கு முறையில் ஓடும். 64 பிட்டில் அது எஸ்எஸ்இ2 என்ற வேறு முறை ஆகிவிடும். கடைசி இலக்கத்தில் வரும் சின்ன வித்தியாசம் மூன்றாவது வளைவில் காரைச் சுவரில் கொண்டு மோதும். ரீப்ளே (ஓட்டத்தை மறுபடி பார்ப்பதற்கான பதிவு) கோப்பில் உள்ளீடு மட்டும் இருந்தால் பழைய ரீப்ளேக்கள் அத்தனையும் பாழ். கார் நிலையையும் சேர்த்துப் பதியுங்கள், அல்லது பழையவை ஓடாது என்று முன்பே எழுதிவிடுங்கள்.

ஒரே ஒரு வீல் வைத்துச் சோதிப்பது

ஸ்டீரிங் வீல் ஒன்று, பெடல் ஒன்று, ஹேண்ட்பிரேக் ஒன்று என மூன்று தனி யுஎஸ்பி கருவிகள் வைத்திருப்பவர்கள் இன்று ஏராளம். பழைய கேம் முதலில் தென்படும் கருவியைத்தான் வீல் என்று எடுத்துக்கொள்ளும். வீல் கையில் தர வேண்டிய எதிர்விசை (ஃபோர்ஸ் ஃபீட்பேக்) பெடலுக்குப் போய்த் தொலையும். கருவியை வரிசை எண்ணால் அடையாளம் காணாதீர்கள், அதன் நிலையான அடையாளக் குறியீட்டைச் சேமியுங்கள். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். வீல் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க பத்து நிமிடம் போதும்.

சேஃப்டிஸ்க்கை விட்டுவைப்பது

பழைய கேம் தட்டுகளில் இருந்த நகல் தடுப்பு இது. விண்டோஸ் 10இல் அதன் டிரைவரே இல்லை. எடுத்துவிடுங்கள்.

சேவ் கோப்பை கேம் ஃபோல்டரிலேயே எழுதுவது

பயனர் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். பாதையில் தமிழ், ஜப்பானிய எழுத்துப் பெயர் இருந்தாலும் திறக்கிறதா என்று பாருங்கள்.