ஓய்வுக்குப் பின் பிளிட்ஸ்: காஸ்பரோவ் சறுக்கிய இடங்கள்

முன்னாள் உலக செஸ் சாம்பியன் காரி காஸ்பரோவ் 2005 மார்ச்சில், லினாரெஸ் போட்டியை வென்ற கையோடு ஓய்வை அறிவித்தார். பதினோரு ஆண்டு கழித்து, 2016 ஏப்ரலில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் முன்னணி வீரர்களான நகமுரா, வெஸ்லி சோ, கருவானா ஆகிய மூவரோடும் பிளிட்ஸ் ஆடினார். ஆளுக்குச் சில நிமிடம் மட்டுமே தரும் அதிவேக செஸ் அது. 18 ஆட்டங்களில் 9.5 புள்ளி, மூன்றாம் இடம். 53 வயதுக்காரருக்கு அது அசாத்தியச் சாதனை. அதே மனிதர் 2021 ஜூலையில் குரோஷியாவின் ஜாக்ரெபில் நடந்த பிளிட்ஸில் 18 ஆட்டங்களில் எடுத்தது வெறும் 2.5.

ஆட்டம் மறந்துபோயிற்றா என்றால் இல்லை. திரும்பி வருகிற பழைய கைகள் எல்லோரும் சறுக்குகிற இடத்தில்தான் அவரும் சறுக்கினார். அது கடிகாரம்.

அந்தக் காலத்தில் நிதானமாக யோசித்துச் சிறந்த நகர்த்தலைக் கண்டுபிடித்தவருக்கு, இரண்டாந்தர நகர்த்தலை ஆட மனசு வராது. ஐந்து நிமிட ஆட்டத்தில் அந்தப் பெருமைக்கு இடமில்லை. நாற்பது விநாடி செலவழித்துத் தேடிய அற்புதத்தை விட, மூன்று விநாடியில் ஆடிய சுமாரான நகர்த்தல் மேல். 2017-இல் செயின்ட் லூயிஸ் ராபிட் (பிளிட்ஸை விடக் கொஞ்சம் நீளமான வேக செஸ்) ஆட்டங்களில் நேரப் பற்றாக்குறை காஸ்பரோவை விடாமல் துரத்தியது. ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் ஒன்றை செக் வீரர் நவாராவிடம் கோட்டைவிட்டார்.

கடிகார முறையைக் கவனிக்காமல் உட்காருவது அடுத்த தவறு. இன்க்ரிமென்ட் என்றால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடி கூடும், வேகமாக ஆடி விநாடிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். டிலே முறையில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கடிகாரம் சில விநாடி தாமதித்து ஓடத் தொடங்கும், அவ்வளவுதான். சேமிப்பே கிடையாது. செயின்ட் லூயிஸில் இருந்தது இந்த டிலேதான். இழந்த நேரம் இழந்ததுதான்.

ஓபனிங்கில், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களில், பழைய ஞாபகத்தை நம்புவதும் ஆபத்து. ஜாக்ரெபில் அஜர்பைஜான் வீரர் மாமெத்யாரோவிடம் அவர் தோற்றது ஏழே நகர்த்தலில்! நிலைமை கையை மீறியதும் ஒரு தோல்வி அடுத்ததை இழுத்துவரும். அங்கே முதல் நாள் ஒன்பது ஆட்டங்களில் கிடைத்தது அரைப் புள்ளி. எளிமையான ஒன்றிரண்டு ஓபனிங் போதும், ஆனால் அவை கை தானாக ஆடும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

கணினியில் மட்டும் பயிற்சி எடுத்துவிட்டு நேரே போட்டிக்குப் போகிறவர்களும் உண்டு. மவுஸால் ஆடும்போது காய் சாயாது. பலகையில் கை பட்டுச் சாய்ந்துவிட்டால் உங்கள் நேரத்திலேயே எடுத்து வைக்க வேண்டும். காயை நகர்த்திய கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும். விதிகளும் மாறியிருக்கின்றன: முன்பு பிளிட்ஸில் ஒரே ஒரு விதிமீறிய நகர்த்தலுக்கே ஆட்டம் போய்விடும். இப்போது முதல் முறை எதிராளிக்கு ஒரு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டாவது முறைதான் தோல்வி.

“ஆனந்துக்கு முடிகிறதே” என்று ஒப்பிடுவது பார்வையாளர்களின் தவறு. அவர் 2017 டிசம்பரில், 48 வயதில், ரியாத்தில் உலக ராபிட் பட்டம் வென்றார், சரி. ஆனால் அவர் பலகையை விட்டுப் போகவே இல்லையே.

அப்புறம் 2025 அக்டோபரில் அதே செயின்ட் லூயிஸில் இருவரும் மோதினார்கள். 62 வயது காஸ்பரோவ் 13-11 என்று ஜெயித்தார். ஆடியது செஸ்960. பின்வரிசைக் காய்கள் குலுக்கிப்போட்ட மாதிரி நிற்பதால், மனப்பாடம் செய்த ஓபனிங் யாருக்கும் உதவாது.