கம்ப்யூட்டர் தமிழ்ல படிச்சுக் காட்டணுமா? முதல்ல ஃபைலைப் பாருங்க, குரலை அப்புறம் பாத்துக்கலாம்

எங்க சித்தப்பாவுக்கு இருபது வருஷமா சர்க்கரை, இப்ப அது கண்ணுல வந்து நிக்குது. பேப்பர்ல தலைப்பை மட்டும் படிச்சிட்டு மடிச்சு வச்சிடுவார். போன தடவை ஊருக்குப் போனப்ப, "டேய், இந்த லேப்டாப்பே படிச்சுக் காட்டுமாமே, போட்டுக் குடுடா"ன்னார். பத்து நிமிஷ வேலைன்னு நெனச்சு உக்காந்தேன், எந்திரிக்கும்போது விளக்கு வச்சாச்சு. குரல் செட் பண்றதுக்கு நிஜமாவே பத்து நிமிஷம்தான் ஆச்சு. மிச்ச நேரம் முழுக்க அவர்கிட்ட இருந்த ஃபைல்களோட மல்லுக்கட்டுனதுதான். அதனால நான் இங்க சொல்றது கொஞ்சம் தலைகீழா இருக்கும், எந்தக் குரல் நல்லாருக்குன்னு தேடுறதுக்கு முன்னாடி உங்க ஃபைலுக்குள்ள உண்மையிலேயே தமிழ் இருக்கான்னு பாத்துடுங்க. கண்ணுக்கு தமிழாத் தெரியுறதெல்லாம் கம்ப்யூட்டருக்கு தமிழ் இல்ல.

முதல் வேலை: நோட்பேட் சோதனை

படிக்க வேண்டிய ஃபைலை திறங்க. ஒரு வரியை மவுஸால இழுத்து செலக்ட் பண்ணி காப்பி எடுங்க (கண்ட்ரோல் + சி), நோட்பேடை திறந்து பேஸ்ட் பண்ணுங்க (கண்ட்ரோல் + வி). என்ன வருதுன்னு பாருங்க.

தமிழ் தமிழாவே வந்தா யோகம், நேரா அடுத்த படிக்கு போங்க.

கன்னாபின்னான்னு இங்கிலீஷ் எழுத்தா வந்தா அது பழைய ஃபான்ட்ல அடிச்சது. பாமினி, வானவில் அந்த மாதிரி. செலக்டே ஆகலன்னா அது ஸ்கேன், அதாவது வெறும் போட்டோ. இது ரெண்டும் இல்லாம நாலாவதா ஒண்ணு இருக்கு, அதான் ரொம்ப ஏமாத்தும். தமிழாத்தான் வரும் ஆனா கொம்பு இடம் மாறி நிக்கும், "கோவில்"ங்கறது "ேகாவில்"னு வரும். பிடிஎஃப் உண்டாக்குன சாஃப்ட்வேர் எழுத்தை அதோட சரியான வரிசையில சேமிக்காம கண்ணுக்குத் தெரியுற வரிசையில சேமிச்சதால வர்ற கோளாறு. குரல் அதை "ஏ... காவில்"ங்கற ரேஞ்சுல படிக்கும், நீங்க குரல் மேல பழி போடுவீங்க.

இந்த மூணு சீக்குக்கும் மருந்து கீழ சொல்றேன். முதல்ல நல்ல ஃபைலை வச்சு பழகிடுங்க. கைல எதுவும் இல்லன்னா மதுரைத் திட்டம் தளத்துல ஒண்ணு இறக்கிக்கோங்க, 1998 பொங்கலுக்கு தொடங்கி தன்னார்வலர்களே தட்டச்சு பண்ணி ஏத்திட்டு வர்றாங்க, எல்லாம் இலவசம்.

ரெண்டாவது: எட்ஜ்ல படிக்க வைக்கிறது

விண்டோஸ் கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட் எட்ஜ் ஏற்கெனவே இருக்கும், குரோம் டவுன்லோட் பண்றதுக்கு மட்டும் ஒரு தடவை திறந்துட்டு மூடியிருப்பீங்களே, அதேதான். தமிழ் படிக்கிறதுக்கு ஆரம்பத்துல இதைவிட சுலபமான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல, காசும் இல்ல.

பிடிஎஃப் ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி ஓபன் வித் போய் எட்ஜை தேர்ந்தெடுங்க. நோட்பேட் ஃபைலும் இப்படியே திறக்கும். வெப் பக்கம்னா நேரா அதுலயே திறந்துக்கலாம். திறந்ததும் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + யு அழுத்துங்க. மேல ஒரு பட்டை வரும், படிக்க ஆரம்பிச்சிடும், படிக்கிற வார்த்தை மேல கலர் ஓடிட்டே போகும்.

முதல் தடவை பெரும்பாலும் இங்கிலீஷ் குரல்தான் வரும், இல்லன்னா சத்தமே வராது. பயப்படாதீங்க. அந்தப் பட்டையோட வலது பக்கம் வாய்ஸ் ஆப்ஷன்ஸ்னு இருக்கும், அதை அழுத்துனா மேல வேகத்துக்கு ஒரு ஸ்லைடர், அதுக்குக் கீழ குரல் லிஸ்ட். லிஸ்ட் ஏகத்துக்கு நீளம், தமிழ் வர்ற வரைக்கும் இறங்கிட்டே இருங்க. இந்தியத் தமிழுக்கு பல்லவி, வள்ளுவர்னு ரெண்டு பேர். இலங்கைத் தமிழுக்கு சரண்யா, குமார். சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. மலேசியாவுக்கு கனி, சூர்யா. எட்டையும் ஒவ்வொரு பத்தி கேட்டுப் பாருங்க. சித்தப்பா பல்லவிகிட்டயே நின்னுட்டார்.

வேகத்தை முதல் நாள் கொஞ்சம் குறைச்சு வைங்க. பழகிட்டா நீங்களே ஏத்திடுவீங்க. நடுவுல இருந்து கேக்கணும்னா அந்த இடத்தை செலக்ட் பண்ணி ரைட் கிளிக் பண்ணுங்க, ரீட் அலவுட்னு ஒரு ஆப்ஷன் வரும்.

ஒரு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்கோங்க. இந்தக் குரல்கள் பேர் பக்கத்துல ஆன்லைன்னு போட்டிருக்கும், அதாவது உங்க எழுத்து நெட் வழியா மைக்ரோசாஃப்ட் சர்வருக்குப் போய், அங்க ஒலியாகி திரும்பி வருது. நெட் போச்சுன்னா குரலும் போச்சு. கதை, செய்தி, பாடம் எல்லாத்துக்கும் இது ஓகே. சொத்துப் பத்திரம், மெடிக்கல் ரிப்போர்ட், ஆபீஸ் ரகசியம் மாதிரி இருந்தா நான் இதுல போட மாட்டேன், அதுக்கு அடுத்து சொல்றதுதான் சரி.

மூணாவது: நெட் இல்லாம

விண்டோஸ் செட்டிங்ஸ் திறந்து டைம் அண்ட் லாங்குவேஜ், அதுக்குள்ள ஸ்பீச், அதுல மேனேஜ் வாய்சஸ். ஆட் வாய்சஸ் அழுத்தி தமிழ் இந்தியாவை டிக் பண்ணி இன்ஸ்டால் கொடுங்க. கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு வள்ளுவர் வந்து உக்காந்துடுவார். எட்ஜை மூடித் திறந்தா லிஸ்ட்ல ஆன்லைன்னு போடாத வள்ளுவரா தெரிவார். உண்மையைச் சொல்லணும்னா இவர் கொஞ்சம் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி பேசுவார், ஆனா சொல்றது புரியும்.

கண் பார்வை ரொம்பவே குறைவு, ஸ்க்ரீனே தெரியாதுன்னா ஒரு டாக்குமெண்ட் படிக்கிறது மட்டும் பத்தாது, மெனு, பட்டன் எல்லாத்தையும் சொல்லணும். அதுக்கு என்விடிஏன்னு ஒரு ஸ்க்ரீன் ரீடர் இருக்கு, ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன்னு பார்வையற்ற இளைஞர் 2006-ல ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் இலவசம். அதோட வர்ற ஈஸ்பீக் குரல்லயே தமிழ் உண்டு, தகர டப்பாவுக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். பிடிக்கலன்னா என்விடிஏ செட்டிங்ஸ்ல நீங்க மேல இன்ஸ்டால் பண்ண வள்ளுவருக்கே மாத்திக்கலாம். இன்சர்ட் + கீழ் அம்புக்குறி அழுத்துனா கர்சர் இருக்கற இடத்துல இருந்து கடைசி வரைக்கும் படிக்கும், கண்ட்ரோலை தட்டுனா வாயை மூடிக்கும். இதைப் பழகுறது தனி பாடம், இங்க அதுக்குள்ள போகல.

வேர்ட் வச்சிருக்கவங்களுக்கு

கொஞ்சம் புது வேர்ட்னா ரிவ்யூ டேப்ல ரீட் அலவுட் இருக்கும், ஷார்ட்கட் கண்ட்ரோல் + ஆல்ட் + ஸ்பேஸ். இங்க நிறைய பேர் மாட்டுற இடம் ஒண்ணு சொல்றேன். வேர்ட் குரலைத் தேர்ந்தெடுக்கிறது அந்த எழுத்துக்கு என்ன மொழின்னு குறிச்சிருக்குங்கறதை வச்சு. நீங்க தமிழ்ல அடிச்சிருந்தாலும் வேர்ட் அதை இங்கிலீஷ்னு குறிச்சு வச்சிருந்தா, இங்கிலீஷ் குரல் வந்து தமிழ் எழுத்தைப் பாத்து முழிக்கும். முழுசையும் செலக்ட் பண்ணி, ரிவ்யூ டேப்லயே லாங்குவேஜ் போய், செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ்ல தமிழைத் தேர்ந்தெடுத்துட்டு மறுபடி ஓட்டுங்க. ஆல்ட்டை அழுத்திட்டு வலது அம்புக்குறி தட்டுனா வேகம் கூடும், இடது தட்டுனா குறையும்.

மேக்ல சிஸ்டம் செட்டிங்ஸ், ஆக்ஸசிபிலிட்டி, அதுக்குள்ள பேச்சு சம்பந்தமான பகுதியில வாணிங்கற தமிழ்க் குரலை இறக்கிட்டு, எழுத்தை செலக்ட் பண்ணி ஆப்ஷன் + எஸ்கேப் அழுத்துங்க. நான் மேக் தினமும் தொடுறவன் இல்ல, இதுக்கு மேல அளக்கல.

இப்ப சீக்கு ஃபைல்களுக்கு வருவோம்

சித்தப்பா ஆசையா கேட்டது எங்க குலதெய்வம் கோயில் வரலாறு. யாரோ சொந்தக்காரர் டிடிபி சென்டர்ல கொடுத்து அடிச்சு வாங்குனது, பாக்க அழகான தமிழ். எட்ஜ்ல திறந்து கண்ட்ரோல் ஷிஃப்ட் யு அழுத்துனா பல்லவி "எம்... கே... கே... ஹெச்"னு ஏபிசிடி சொல்லுது. சித்தப்பா என்னைப் பாக்குறார், நான் லேப்டாப்பைப் பாக்குறேன்.

விஷயம் என்னன்னா, பாமினி ஃபான்ட்ல 'அம்மா'ன்னு கண்ணுக்குத் தெரியுற இடத்துல உள்ள உண்மையா இருக்கறது இங்கிலீஷ் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். அந்த இங்கிலீஷ் எழுத்துங்களுக்கு தமிழ்ச் சட்டை போட்டு விடுறதுதான் அந்த ஃபான்ட்டோட வேலை. சட்டை நமக்குத் தெரியும், குரலுக்குத் தெரியாது. யூனிகோட்ங்கற பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைன்னா அப்படி இல்ல, 'அ'வுக்குன்னே தனி எண் இருக்கு, எந்த ஃபான்ட் போட்டாலும் அது அ தான். தமிழ்நாடு அரசு 2010-லயே யூனிகோடையும் டேஸ்16ங்கற இன்னொரு தமிழ்க் குறியீட்டு முறையையும் அதிகாரபூர்வமா ஏத்துக்கிச்சு, ஆனா அதுக்கு முன்னாடி அடிச்ச மலைமலையான ஃபைல் இன்னும் எல்லார் வீட்லயும் இருக்கே.

மருந்து: மாத்துறதுக்கு என்ஹெச்எம் கன்வெர்ட்டர்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு, சுரதாங்கறவரோட பொங்கு தமிழ்னு ஒரு வெப் பக்கம் இருக்கு, எது வேணா பயன்படுத்துங்க. எழுத்தைக் காப்பி பண்ணிப் போட்டு, எந்த ஃபான்ட்டுன்னு சொன்னா யூனிகோடா திருப்பித் தரும். எந்த ஃபான்ட்டுன்னு தெரியலன்னா வேர்ட்ல அந்த வரிமேல கர்சரை வச்சா மேல ஃபான்ட் பேர் தெரியும். மாத்துனதை நோட்பேட்ல பேஸ்ட் பண்ணி சேவ் பண்ணுங்க, சேவ் பண்ற இடத்துல என்கோடிங் யுடிஎஃப்-8னு இருக்கணும். அதை எட்ஜ்ல திறந்தா போதும்.

சேவ் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணால ஓட்டிடுங்க, ஏன்னா ஒரிஜினல்ல நிஜமாவே இங்கிலீஷ்ல அடிச்ச வார்த்தை இருந்தா கன்வெர்ட்டர் அதையும் விடாது. கோயிலுக்குப் போற வழியில ரோடுன்னு இங்கிலீஷ்ல போட்டிருந்தது "சுழயன"ன்னு வந்துச்சு. பல்லவி அதை ஏதோ சித்தர் பாட்டு மாதிரி பயபக்தியோட படிச்சா.

ஸ்கேன் ஃபைலுக்கு கூகுள் டிரைவ் போதும். கும்பாபிஷேக மலர் ஒண்ணு இருந்துச்சு, பக்கம் பக்கமா போட்டோ. டிரைவ்ல ஏத்துங்க, ரைட் கிளிக், ஓபன் வித், கூகுள் டாக்ஸ். கொஞ்ச நேரத்துல மேல படமும் கீழ எடுத்த எழுத்துமா ஒரு டாக்குமெண்ட் வரும். ஃபைல் 2 எம்பிக்குள்ள இருந்தா நல்லது, பெரிய புத்தகத்தை துண்டு துண்டாக்கி ஏத்துங்க. ரெண்டு பத்தியா அச்சடிச்ச பக்கம்னா இடது வரி பாதி வலது வரி பாதின்னு கலந்து அடிக்கும் ஆபத்து உண்டு, நான் போன்ல இடது பத்தியைத் தனியா வலது பத்தியைத் தனியா போட்டோ எடுத்து ஏத்துனேன், கை கடுத்துப் போச்சு, ஆனா சுத்தமா வந்துச்சு. அப்புறம் ஃபைல் மெனுல டவுன்லோட் போய் ப்ளெயின் டெக்ஸ்ட்டா இறக்கிக்கோங்க, எட்ஜ்ல திறங்க.

கொம்பு இடம் மாறுன பிடிஎஃப்? ஒரிஜினல் வேர்ட் ஃபைல் கிடைக்குமான்னு கேட்டுப் பாருங்க. இல்லன்னா அதையும் போட்டோ மாதிரி பாவிச்சு பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டிரைவ் வழியாவே அனுப்புங்க. எழுத்து இருக்கற ஃபைலை படமாக்கி மறுபடி எழுத்தாக்குறது கிறுக்குத்தனமாத் தெரியும், ஆனா ஒவ்வொரு கொம்பா கையால நகத்துறதைவிட இது எவ்வளவோ மேல்.

குரல் சொதப்புற இடங்கள்

நம்ம 'க' ஒரே எழுத்து, கடல்ல ஒரு மாதிரி, காந்தியில வேற மாதிரி, அகம்ல இன்னொரு மாதிரி. தமிழ்ச் சொல்லுக்கு விதி இருக்கு, அதனால குரல் தப்பிச்சிடும், வெளியூர்ப் பேரும் இங்கிலீஷ் சொல்லும் வரும்போதுதான் சறுக்கும். பக்கத்துக்குப் பக்கம் மேலயோ கீழயோ போட்டிருக்கற புத்தகத் தலைப்பும் பக்க எண்ணும் பாதி வாக்கியத்துல குறுக்க வரும், "அவள் கதவைத் திறந்து நாற்பத்திரண்டு வெளியே பார்த்தாள்"னு. டெக்ஸ்ட் ஃபைல்னா அந்த வரிகளை அழிச்சிடுங்க. பழைய பாட்டுன்னா சந்தி பிரிச்ச பதிப்பா தேடுங்க, சேத்து எழுதுனதை ஒரே மூச்சுல விழுங்கிடும். அட்டவணையை குரல்ல கேக்க ஆசைப்படாதீங்க.

எழுதுறவங்களுக்கு ஒரு உபரி லாபம். நான் எதை எழுதுனாலும் இப்ப அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பல்லவியைப் படிக்க வச்சு கேக்குறேன். ரெண்டு தடவை வந்த வார்த்தை, விட்டுப்போன கால், முடியாம தொங்குற வாக்கியம் எல்லாம் காதுல முள்ளு மாதிரி குத்தும். ஆனா அறைக்கு அரைன்னு அடிச்சிருந்தா காதுக்குத் தெரியாது, மணம் மனம் கூட பல சமயம் நழுவிடும். அதுக்குக் கண்ணுதான் வேணும்.

கோயில் வரலாறு கடைசியில ஒழுங்கா ஓடுச்சு. நாலு பக்கம் போனதும் சித்தப்பா கையைக் காட்டி, "அந்தப் பொண்ண கொஞ்சம் நிறுத்தச் சொல்லுடா, காப்பி குடிச்சிட்டு வந்துடுறேன்"ன்னார். பட்டையில நடுவுல இருக்கற பட்டன் அதுக்குத்தான், மறுபடி அழுத்துனா விட்ட இடத்துல இருந்து தொடரும். எட்ஜை மூடிட்டா மட்டும் இடம் ஞாபகம் இருக்கும்னு நம்பாதீங்க, பக்க எண்ணை ஒரு துண்டுச்சீட்டுல பெருசா எழுதி லேப்டாப் மேல ஒட்டிடுங்க.